சுவரில் பிள்ளையார், இரவில் ஒரு ஆள்



இந்த மடலுக்கு நான் எழுதுவதாகச் சொன்னது வாடகைப் போராட்டம் பற்றி. அதை அடுத்த முறை வேறு ஆள் எழுதட்டும். இப்ப எழுதப் போவது பம்பர்ஸ் பற்றி, ரோச் லைற் பற்றி, புதன்கிழமைப் பருப்பு பற்றி. எங்கட வாசிப்பு வட்டத்தில் இரண்டு வருசமாக விளங்காத கன விசயம் இந்த மூன்றாலும் எனக்கு விளங்கினது.

அம்மம்மாவுக்கு 84 வயது. ஊர் அளவெட்டி. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது அவவும் நடந்தவ. 2012இல் அம்மா ஸ்பொன்சர் பண்ணி ஸ்காபரோவுக்கு வந்து, எங்கட பேஸ்மென்றில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பத்துக் குளிர்காலம் சாகவிடாமல் வைத்திருந்தவ. 2023 இலையுதிர்காலத்தில் அதே பேஸ்மென்ற் படியில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஆறு கிழமைக்குள் மறதி பல மடங்கு கூடிவிட்டது. என்னைச் சில நாள் அம்மா என்று கூப்பிட்டா, சில நாள் ரீச்சர் என்று.

வீட்டுக்குக் கொண்டுவர ஏலாது. அம்மா தொழிற்சாலையில் பகல் வேலை, எனக்கு ஷிஃப்ற், வீட்டில் படி. ஆஸ்பத்திரியில் ஒருவர் வந்து மிகவும் அன்பாக ஒரு கணக்குச் சொன்னார். 2022இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த சட்டப்படி, நாங்கள் விரும்பின இல்லத்தில் இடம் இல்லையென்றால் 70 கிலோமீற்றருக்குள் எந்த இல்லத்திலும் போடலாம். மாட்டோம் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்தால் ஒரு நாளைக்கு 400 டாலர். வட ஒன்ராறியோ என்றால் 150 கிலோமீற்றர். அம்மா ஒரு நாள் முழுக்க நின்று வேலை செய்தாலும் 400 டாலர் வராது. அம்மம்மா நகரத்துக்கு வெளியே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருந்த ஒரு இல்லத்துக்குப் போனா. அங்கே தமிழ் கேட்ட ஒரே நேரம் ஞாயிறு பின்னேரம், அம்மாவுக்கு யாராவது கார் ஓடக் கிடைத்தால்.

ஐந்து மாதம் கழித்து ஸ்காபரோவில் இடம் கிடைத்தது. அதுவும் 'தெற்காசியத் தளம்' உள்ள இல்லம். ஆசிய முதியோருக்கென்றே விளம்பரப்படுத்துகிற இல்லம். எங்களுக்கு லொத்தர் விழுந்த மாதிரி. அம்மா நேர்த்திக்கடன் வைத்து மோதகம் அவித்தா.

லிஃப்ற் கதவு திறந்ததும் முன்சுவரில் பெரிய பிள்ளையார். பக்கத்தில் தாஜ்மஹால். அதற்குப் பக்கத்தில் குரு நானக். தீபாவளிக்கு யாரோ ஆடின நடனத்தின் படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. பொது அறையில் ஒரு பெரிய ரிவி, காலை தொடக்கம் இரவு வரை ஹிந்தி சீரியல். புதன்கிழமை 'தெற்காசிய உணவு': மஞ்சள் தண்ணீராக ஒரு பருப்பு, ஒரு சப்பாத்தி. மிச்ச நாள் உருளைக்கிழங்கு மசியல். பல் இல்லாத ஆக்களுக்குச் சப்பாத்தி எப்படி இறங்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. அம்மம்மா முதல்நாள் ரிவியைப் பார்த்துவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெல்லக் கேட்டா: "பிள்ளை, உது சிங்களமோ?"

நான் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அந்தத் தளத்தில் குஜராத்தி, பஞ்சாபி, உருது, தமிழ் பேசுகிற ஆக்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் பொதுவாக ஒரு சாப்பாடு இல்லை, ஒரு சாமி இல்லை, ஒரு பாட்டுக்கூட இல்லை. 'தெற்காசியர்' என்பது ஒரு வியாபாரச் சொல். அந்தச் சொல்லுக்கு அகப்பட்டதை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். படம் ஒருமுறை வாங்கினால் போதும். தமிழ் கதைக்கிற ஒரு ஆளை இரவு வேலைக்கு வைத்தால் ஒவ்வொரு இரவும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது மாதம் அம்மாவுக்கு வேலையிடத்தில் போன் வந்தது. அம்மம்மா இரவில் கத்துகிறா, கழுவப் போகிற ஆக்களுக்கு அடிக்கிறா, மற்ற ஆக்கள் நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கினம், ஆகவே டொக்டர் ஒரு மருந்து எழுதப் போறார், சம்மதமா? மெஷின் சத்தத்துக்குள் அம்மா "ஓகே ஓகே" என்றிருக்கிறா. அந்த இரண்டு ஓகேயும்தான் 1996ஆம் ஆண்டின் மருத்துவச் சம்மதச் சட்டம் கேட்கிற சம்மதம். மருந்தின் பெயர் குவெற்றியாப்பின். மனநோய்களுக்கான மருந்து. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறக்கும் அபாயம் கூடும் என்று மருந்தின் எச்சரிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அதை அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, எந்த மொழியிலும்.

இரண்டு கிழமைக்குள் அம்மம்மா பகலிலும் தூங்கினா. வாயோரம் வீணீர். சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போய்த் திரும்பிப் போனது. நாங்கள் கோப்பைக் கேட்டு வாங்கி வாசித்தோம். "பராமரிப்பை எதிர்க்கிறார். சத்தமிடுகிறார். காரணம் தெரியவில்லை." பல பக்கங்களுக்கு அதே மூன்று வசனம், வேறு வேறு கையெழுத்தில்.

அதனால் ஒரு வெள்ளி இரவு நான் அங்கேயே கதிரையில் இருந்தேன். இரவு இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. ரோச் வெளிச்சம் நேரே முகத்தில். ஒரு கை போர்வையை இழுத்தது. அம்மம்மா எழும்பி இருந்தா. அவவுக்கு அவ்வளவு வேகமாக எழும்ப ஏலும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னா: "இஞ்ச பெடியள் ஒருத்தரும் இல்லை ஐயா. பாருங்கோ ஐயா. ஒருத்தரும் இல்லை."

என்ட இரண்டு மாமாமாரையும் எத்தனை இரவு அவ அப்படிக் காப்பாற்றினா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அது கதைக்கிற விசயமாக இருந்ததில்லை.

ரோச் பிடித்திருந்தவ ஐம்பது வயது மதிக்கத்தக்க பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண். அவவின் பெயரை எழுதமாட்டேன். நான் இருட்டுக்குள் இருக்கிறதைக் கண்டு பயந்து மன்னிப்புக் கேட்டா. பிறகு வெளியே வந்து ஆங்கிலத்தில் கேட்டா: "பெடியள் என்றால் என்ன? உங்கட பாட்டி ஒவ்வொரு இரவும் அதைத்தான் சொல்லுறா." சொல்லைச் சரியாகப் பிடித்து வைத்திருந்தா. நான் விளக்கினேன். அவ நடைபாதைக் கைப்பிடியில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றா. "மெல்லச் செய்ய எனக்கும் விருப்பம். ஆனா நான் ஒரு ஆள். இஞ்ச 32 பேர்."

வகுத்துப் பாருங்கோ. எட்டு மணித்தியாலம் என்றால் 480 நிமிசம். 32ஆல் பிரித்தால் ஒரு ஆளுக்கு 15 நிமிசம், முழு இரவுக்கும். அதற்குள்தான் இரண்டு மூன்று தரம் பார்க்க வேண்டும், பம்பர்ஸ் மாற்ற வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், விழுந்த ஆளைத் தூக்க வேண்டும், கொம்பியூட்டரில் பதிய வேண்டும், தானும் ஒரு வாய் தண்ணி குடிக்க வேண்டும். மறதி நோயுள்ள ஒருவரை மெல்லக் கூப்பிட்டு, சின்ன வெளிச்சம் போட்டு, அவர் முழித்து நீங்கள் யார் என்று விளங்கும்வரை காத்து நின்றால் அதுக்கே ஐந்து நிமிசம் போய்விடும். ரோச் அடித்து இழுத்தால் ஒரு நிமிசம். அந்த நாலு நிமிச வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கத்தான் அம்மம்மாவுக்கு மருந்து கொடுத்தார்கள். வேலையாள் கெட்டவ என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு அந்தக் கணக்கு ஒரு அடி.

சித்தி வேறு ஒரு இல்லத்தில் பத்து வருசமாகப் பி.எஸ்.டபிள்யூ, அதாவது கழுவித் துடைத்துச் சாப்பாடு தீத்துகிற வேலை. நான் இந்தக் கதையைச் சொன்னபோது அவ அதிசயப்படவே இல்லை. "மூண்டு பேர் நிக்கவேண்டிய இடத்தில ஒருத்தர் சிக் கோல் அடிச்சா, இரண்டு பேரை வைச்சே ஓட்டுவாங்கள் பிள்ளை. நாங்கள் ஓடிக்கொண்டே பேசுவம், ஓடிக்கொண்டே தீத்துவம். உன்ர அம்மம்மாவை மாதிரி எத்தனை பேரை நானே இழுத்திருப்பன்." அதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டா.

இது ஒரு இல்லத்தின் கெட்ட நிர்வாகம் இல்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் ஆக்களின் பெயரும் இருக்கிறது. ஒன்ராறியோவில் ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 2.25 மணித்தியாலம் தாதியப் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அது கூடப் போதாதுதான். 1996இல் மைக் ஹரிஸின் கொன்சர்வேற்றிவ் அரசு அதையும் எடுத்துவிட்டது. அரசியலை விட்டுப்போன ஹரிஸ் பிறகு சார்ட்வெல் என்ற முதியோர் இல்ல நிறுவனத்தின் பணிப்பாளர் சபைத் தலைவராகப் பல வருசம் இருந்தார். லிபரல்கள் 2003இலிருந்து 2018வரை ஆண்டார்கள். அந்தக் குறைந்தபட்ச நேரத்தைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

2020 வசந்தத்தில் கொரோனா வந்தபோது கனடிய இராணுவத்தை ஒன்ராறியோ இல்லங்களுக்குள் அனுப்பினார்கள். மே மாதம் வெளிவந்த அவர்களின் அறிக்கை ஐந்து இல்லங்களைப் பற்றிச் சொன்னது: கரப்பான் பூச்சி, கழுவாமல் விட்ட உடம்புகள், அழுக்குப் பம்பர்ஸோடு கிடந்தவர்கள், வாய்க்குள் திணிக்கப்பட்ட சாப்பாடு. ஒரு இராணுவம் எழுதின அறிக்கையை நான் நம்பி வாசித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். முதல் அலையில் கனடாவில் கொரோனாவால் இறந்தவர்களில் ஐந்தில் நாலு பேர் இப்படியான இல்லங்களில் இருந்தவர்கள். லாப நோக்கில் நடக்கிற இல்லங்களில் தொற்று பெரிதாகப் பரவியது, சாவும் கூட. அதைக் கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு அதே வருசம் காட்டியது. நாலு பேரை ஒரு அறைக்குள் போடுகிற பழைய கட்டடங்களும், சங்கிலி நிறுவனங்களின் உடைமையும் காரணம் என்றது. அரசு என்ன செய்தது? அந்த நவம்பரிலேயே சட்டம் போட்டு, கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பங்கள் சாதாரணக் கவனக்குறைவுக்கு வழக்கு வைக்க ஏலாதபடி செய்தது. பாரதூரமான கவனக்குறைவு என்று நிரூபித்தால்தான் வழக்கு.

பிறகு 2021இல் புதுச் சட்டம் வந்தது. 2025 மார்ச்சுக்குள் ஒரு நாளைக்கு நாலு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை அதில் எழுதினார்கள். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் அது சராசரிக் கணக்கு. இந்தத் தளத்தில் இந்த இரவு 32 பேருக்கு எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதற்கு எண்ணிக்கை இல்லை. இல்லம் முழுவதற்கும் இருபத்துநாலு மணித்தியாலமும் ஒரு பதிவுபெற்ற நேர்ஸ் இருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. சராசரிக்குள் அம்மம்மாவின் இரண்டு மணி எங்கே போனது என்று யாரும் தேட ஏலாது.

காசு போகிற வழியையும் பாருங்கோ. எங்கட கூட்டங்களில் "லாபம்" என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிற இடம் இது. லாப நோக்குள்ள இல்லத்துக்கும் லாபம் இல்லாத இல்லத்துக்கும் மாகாணம் ஒரே கணக்கில்தான் காசு கொடுக்கிறது. அது தனித்தனி உறைகளாக வருகிறது. தாதிமாருக்கும் பி.எஸ்.டபிள்யூக்களுக்குமான உறையில் மிஞ்சினால் அரசுக்குத் திருப்ப வேண்டும். சமைக்காத உணவுப்பொருளுக்கு இன்னொரு உறை. 2019இல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அது பத்து டாலருக்கும் குறைவு, மூன்று நேரச் சாப்பாட்டுக்கும். இந்த இரண்டையும் காட்டித்தான் கொம்பனிகள் "பராமரிப்புக் காசில் நாங்கள் ஒரு சதமும் தொடுவதில்லை" என்று சத்தியம் பண்ணுகின்றன. சரி, எதில் தொடுகிறார்கள்? 'ஏனைய தங்குமிடச் செலவு' என்ற உறையில் மிஞ்சுவது அவர்களுக்கு. சமையல்காரர், கூட்டுகிற ஆள், துணி தோய்க்கிற ஆள், கட்டடத் திருத்தம், நிர்வாகம் எல்லாம் அதற்குள். அரிசி அரசாங்கத்தின் காசு; அதைக் கஞ்சியாகக் காய்ச்சத் தெரிந்த கையின் சம்பளத்தைக் குறைத்தால் அது கொம்பனியின் காசு. புதன்கிழமைப் பருப்பு ஏன் தண்ணீராய் இருக்கிறது என்று இப்ப விளங்குதா? தனியறை எடுத்தால் மேலதிகக் கட்டணம்; அதுவும் அவர்களுக்கு. சாதாரண அறைக்கே குடும்பம் மாதம் ஏறத்தாழ 2000 டாலர் கட்ட வேண்டும். வருமானம் குறைந்தவர்கள் கழிவு கேட்கலாம், சாதாரண அறைக்கு மட்டும்.

அந்த லாபம் சேருகிற இடம் சில நேரம் எங்கட ஆக்களின் பக்கமாகவும் இருக்கும். கொரோனா நேரம் பெரிய இல்லச் சங்கிலிகளில் ஒன்றான ரிவேராவின் உரிமையாளர், மத்திய அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை முதலிடுகிற நிறுவனம். அரசு ஊழியரின் தொழிற்சங்கமே அதைப் பொதுவுடைமை ஆக்கு என்று கேட்க வேண்டி வந்தது. ஓய்வூதியம் எடுக்கிற தொழிலாளியின் காசு, கிழவியைக் கழுவுகிற தொழிலாளியின் நிமிசத்திலிருந்து வருகிறது. இதை நாங்கள் ஏன் ஒரு கூட்டத்தில்கூடப் பேசவில்லை?

இப்ப எங்கட சமூகத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும்.

ஒவ்வொரு வருசமும் யாராவது ஒரு வர்த்தகப் பெருமகன் மேடையில் ஏறி, "தமிழருக்கென்று ஒரு முதியோர் இல்லம்" என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவர்களிடம் கேளுங்கோ: யார் உரிமையாளர்? படுக்கைக்கான உரிமம் 30 வருசம்வரை கிடைக்கும், கட்டுவதற்கு மாகாணம் மானியமும் தரும், 40,000க்கு மேற்பட்டவர்கள் ஒன்ராறியோவில் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள், படுக்கை ஒரு நாளும் காலியாகாது. இதைவிட நம்பிக்கையான வியாபாரம் ஏதும் உண்டோ? பிள்ளையாருக்குப் பதில் நல்லூர்க் கோபுரம் மாட்டுவார்கள். ஹிந்தி சீரியலுக்குப் பதில் சென்னை சீரியல் ஓடும். இரவு அதே ஒரு ஆள் அதே ரோச்சோடு வருவா. அவ தமிழ் கதைக்கிற புதுசாய் வந்த பிள்ளையாய் இருந்தால் "எங்கட ஆக்கள்தானே" என்று சம்பளத்தை இன்னும் குறைக்கலாம். தமிழ்க் கடைகளில் வேலை செய்த தோழர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மொழி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மொழி இல்லாததால்தான் அம்மம்மாவின் "பெடியள் இல்லை" என்பது "காரணம் தெரியவில்லை" என்று பதிவானது. "நோகுது" என்ற ஒரு சொல் விளங்காததால் இடுப்பு நோவுக்கு மாத்திரை பிந்தினது எத்தனை நாளோ. சீன சமூகம் இதை எங்களுக்கு முதலே விளங்கிக்கொண்டது. ஜோசப் வோங் என்ற மருத்துவர் முன்னின்று, சமூகத்திடம் காசு சேர்த்து, ஸ்காபரோவில் 1994இல் யீ ஹொங் என்ற இல்லத்தைத் திறந்தார்கள். லாப நோக்கு இல்லாதது. அதற்கும் அதே மாகாணக் காசுதான். அங்கேயும் ஆள்பற்றாக்குறை இருக்கும். இடம் கிடைக்க வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் மிஞ்சுகிற சதம் பங்குதாரருக்குப் போகாமல் இல்லத்துக்குள்ளேயே நிற்கிறது. தமிழ் இல்லம் கேட்கிற ஆக்கள் இந்த ஒரு விசயத்தை மட்டும் கேட்காமல் விடுகிறார்கள். ஏன் விடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மற்றப் பக்கம் வெட்கம். "எங்கட கலாசாரத்தில தாய் தேப்பனைக் கொண்டுபோய் ஹோமில விடுறேல்லை." இதைச் சொல்லாத மாமா ஸ்காபரோவில் இல்லை. அம்மா இன்றைக்கும் கோயிலில் கேட்கிற ஆக்களுக்கு "அவ தங்கச்சி வீட்டில" என்று பொய் சொல்லுறா. ஊரில் யார் பார்த்தது? மகள்களும் மருமகள்களும், சம்பளமில்லாமல், சில நேரம் தங்கட உடம்பை முறித்து. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு வந்த பிறகு ஊரிலேயும் இல்லம்தான். கைதடியில் அரச முதியோர் இல்லம் எவ்வளவு காலமாய் இருக்கிறது. 2014இலிருந்து பெற்றோரை ஸ்பொன்சர் பண்ணினால் 20 வருசம் அவர்களின் பொறுப்பு பிள்ளையின் தலையில் என்று கனடா அரசு எழுதிவைத்திருக்கிறது. அதற்கு முதல் பத்து. அதாவது மாமா சொல்கிற கலாசாரத்தையும் குடிவரவு அமைச்சு சொல்கிற சட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே ஆளிடம் வேலையைத் தள்ளுகின்றன. வெட்கத்தில் வேறு ஒரு லாபமும் இருக்கிறது: வெட்கப்படுகிற குடும்பம் முறைப்பாடு செய்யாது. ஞாயிறு வந்து, இடியப்பம் தீத்தி, அழுது, முன்கதவால் போகாமல் பக்கக் கதவால் போய்விடும்.

எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் பிரம்ரனில் இனவழிப்பு நினைவுத்தூபி திறந்தபோது நாங்கள் எல்லாரும் போனோம். நானும் அழுதேன். போக வேண்டும், அழவும் வேண்டும். ஆனால் அந்த நினைவை உடம்பில் வைத்திருக்கிற ஆக்கள் இப்ப எங்கே படுத்திருக்கினம்? ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மூன்றாம் மாடி, நாலாம் மாடிகளில். ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்கு யாரோ ரோச் அடித்து அவர்களைத் திரும்ப அங்கே கொண்டுபோகிறார்கள், அவர்கள் கத்தினால் மருந்து கொடுக்கிறார்கள். சாட்சியங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று நாங்கள் திட்டம் எழுதிய அதே வருசம் ஒரு சாட்சிக்குக் குவெற்றியாப்பின் ஓடிக்கொண்டிருந்தது, என்ட சொந்த வீட்டுச் சாட்சிக்கு.

என்ன செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பெரிய வெற்றிக் கதை இல்லை. சட்டப்படி ஒவ்வொரு இல்லத்திலும் குடும்பங்கள் சேர்ந்து குடும்பப் பேரவை அமைக்கலாம். நிர்வாகம் தலையிடக் கூடாது. பேரவை எழுத்தில் ஒரு கவலையைக் கொடுத்தால் 10 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்த இல்லத்தில் பேரவையே இல்லை. நாங்கள் ஏழு பேர் தொடங்கினோம்: ஒரு குஜராத்தி மாமா, ஒரு பஞ்சாபி அக்காவும் மகளும், இரண்டு தமிழ்க் குடும்பம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சமோசா கொண்டுவருகிற ஒரு பாகிஸ்தான் அன்ரி. நான் போட்ட அழைப்புக்கு எங்கட கூட்டிலிருந்து வந்தவர்கள் ஒருவரும் இல்லை. இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

இல்லத்தில் பேசுகிற மொழி பேச ஏலாத ஆக்களின் தேவைக்கு வழிமுறை வகுத்து நடத்த வேண்டும் என்று மாகாண ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரமாவது குளிக்க வார்க்க வேண்டும் என்பதும், வந்து ஆறு கிழமைக்குள் குடும்பத்தோடு பராமரிப்புக் கூட்டம் வைக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. இவற்றை எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் சின்ன மங்கல் விளக்கு வந்தது. நோகுது, தண்ணி, குளிருது, வேண்டாம், பயமாயிருக்கு: இப்படிப் பன்னிரண்டு சொல்லை நாலு மொழியிலும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினோம். அந்தப் பிலிப்பீன்ஸ் அக்கா கேட்டு வாங்கின பதின்மூன்றாவது சொல், "நான்தான்". கதவைத் திறக்கிறபோது அதைச் சொல்லிக்கொண்டு வாறா. அம்மம்மாவின் மருந்தைக் குறைக்கச் சொல்லி அம்மா எழுத்தில் கேட்டா. மூன்று மாதத்தில் நிப்பாட்டினார்கள்.

இரவுக்கு இரண்டாவது ஆள் கேட்டதற்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. "எமது ஆளணி அமைச்சின் தேவைகளைப் பூர்த்தி செய்கிறது." பொய் இல்லை. அமைச்சு எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை, ஆகவே பூர்த்தியாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு வரியை மாற்றுவது ஏழு பேரால் ஏலாது. வேலையாட்களாலும் தனிய ஏலாது: ஒன்ராறியோவில் முதியோர் இல்லத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி தடை, பிணக்கு நடுவரிடம் போகும். வாயைத் திறந்தால் ஷிஃப்ற் குறையும் என்று சித்தி சொல்லுறா. அவர்கள் சொல்ல ஏலாததைக் குடும்பங்கள் சொல்லலாம், குடும்பங்களுக்குத் தெரியாத கணக்கு அவர்களிடம் இருக்கிறது. தளத்துக்கு, நேரத்துக்கு, இத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை சட்டத்தில் வர வேண்டும். புதுப் படுக்கை உரிமம் லாபக் கொம்பனிகளுக்குப் போகக் கூடாது, கொம்பனி தமிழ்க் கொம்பனியாய் இருந்தாலும். அதைக் கேட்க எங்களுக்கு எண்கள் வேண்டும்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். உங்கட அம்மம்மாவோ அப்பப்பாவோ, பக்கத்து வீட்டு ஆச்சியோ ஒரு இல்லத்தில் இருந்தால் இந்தக் கிழமை ஒருநாள் இரவு பதினொன்றுக்குப் பிறகு போய் நில்லுங்கோ. அந்தத் தளத்தில் எத்தனை பேர் படுத்திருக்கினம், எத்தனை பேர் வேலையில் நிக்கினம் என்று எண்ணி, இந்த மின்னஞ்சலுக்கே பதிலாய் அனுப்புங்கோ. இல்லம் எங்கே என்று போடுங்கோ. வேலையாட்களின் பெயரோ அடையாளமோ போட வேண்டாம். ஒன்ராறியோவுக்கு வெளியே, லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கிற தோழர்களும் அனுப்பலாம். உங்கட சட்டம் வேறு, இரவு எங்கேயும் இரவுதான்.

அம்மம்மா இப்ப பகலில் முழித்திருக்கிறா. போன ஞாயிறு ரிவியைக் கனநேரம் பார்த்துவிட்டு, "உந்தப் பொம்பிளை ஏன் எந்த நாளும் அழுறாள்?" என்று கேட்டவ. ஹிந்தி சீரியல் இன்னும் மாறவில்லை. ரிமோட் நேர்ஸ் மேசைக்குப் பின்னால் பூட்டின லாச்சிக்குள் கிடக்குது. அது அடுத்த பேரவைக் கூட்டத்தில் இரண்டாவது விசயம்.